தாழ்மை யாருக்குச் சொன்ன பாடம்?

தாழ்மையைக் கற்றுக்கொள்ள எங்க சனம் எந்தக் கோயிலுக்கும் போக வேண்டியதில்லை. பிறந்த அன்றைக்கே அது வாசலில் வந்து நிற்கும். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தது நாங்க. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டியது நாங்க. கையை ஏந்தித் தண்ணி குடித்தது நாங்க. 'சாமி', 'ஆண்டே' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே முதுகு வளைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களைக் கோயிலுக்குள் தரையில் உட்காரவைத்து, பீடத்தில் நின்றுகொண்டு ஒருவர் பிரசங்கம் பண்ணுகிறார்: "தாழ்மையா இருங்க. உங்க சுயசித்தத்தை ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுங்க."

எதை ஒப்புக்கொடுப்பது? சித்தம் என்று ஒன்று இருப்பவன்தான் அதை ஒப்புக்கொடுக்க முடியும். எந்தக் குளத்தில் தண்ணி எடுப்பது, எந்தத் தெருவில் நடப்பது, செத்தால் எங்கே புதைப்பது என்பதையெல்லாம் அடுத்தவன் முடிவு பண்ணிய ஒரு சனத்துக்குச் சுயசித்தம் எங்கே இருந்தது? இல்லாததைக் கொடு என்று கேட்பதற்குப் பெயர் ஆன்மிகமா? சுயசித்தத்தை ஒப்புக்கொடுக்கச் சொல்லும் உபதேசம் நல்ல உபதேசம்தான். ஆனால் விலாசம் மாறிப்போய்ச் சேரிக்கு வந்துகொண்டிருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம் ஆயர் இல்லம். பேராயர் பங்களா. பங்குப் பேரவையும் பாஸ்டரேட் கமிட்டியும் கூடுகிற அறை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். தாழ்தல் தன்வினை; தாழ்த்துதல் பிறவினை. 'அவன் தாழ்ந்தான்' என்றால் வினை அவனுடையது. 'அவனைத் தாழ்த்தினார்கள்' என்றால் வினை வேறு ஆளுடையது, அவன் வெறும் செயப்படுபொருள். இதையே 'தாழ்த்தப்பட்டான்' என்று செயப்பாட்டுவினையில் எழுதிவிட்டால் செய்தவன் வாக்கியத்தை விட்டே ஓடிவிடுகிறான். அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் 'தாழ்த்தப்பட்டோர்'. தாழ்த்தியது யார் என்று அந்தக் காகிதம் சொல்வதில்லை. திருச்சபை இன்னும் ஒருபடி மேலே போனது. அடுத்தவன் எங்களைத் தாழ்த்தியதை நாங்களாகவே தாழ்ந்தது போல மாற்றி, அதற்குத் 'தாழ்மை' என்று பெயர் சூட்டி, புண்ணியக் கணக்கில் வரவு வைத்துவிட்டது. பிறவினையைத் தன்வினை என்று வாசிக்கவைத்த இந்தப் புரட்டில்தான் நானூறு வருசமா நம்ம முதுகு வளைஞ்சு கிடக்கு.

வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டே பேசலாம். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை எத்தனை தபசுகாலத்தில் கேட்டிருக்கிறோம். கடவுளின் நிலையில் இருந்தவர் அதைப் பற்றிக்கொண்டு இருக்காமல், தன்னையே வெறுமையாக்கி, அடிமையின் உருவை எடுத்தார் என்பதுதான் அதன் சாரம். அங்கே யார் யாரைத் தாழ்த்தினார்? உயரத்தில் இருந்தவர் தன்னைத் தாழ்த்தினார். வினையும் அவருடையது, செயப்படுபொருளும் அவரே. ஏற்கெனவே அடிமையாகக் கிடக்கிறவனிடம் போய் இன்னும் கொஞ்சம் குனி என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இடுப்பில் துண்டைக் கட்டிக் காலைக் கழுவியவர் யார்? போதகர், ஆண்டவர் என்று கூப்பிடப்பட்டவர். வேலைக்காரன் செய்கிற வேலையைக் குரு செய்தார். தாழ்மை என்பது தலைமைக்குச் சொன்ன பாடம். அதைத் தலைமை எங்கள் பக்கம் திருப்பிவிட்டது.

சுயசித்தத்தை ஒப்புக்கொடுத்த இடம் கெத்சமனி. அங்கே இயேசு தன் சித்தத்தைத் தகப்பனிடம்தான் கொடுத்தார். காய்பாவிடம் கொடுக்கவில்லை, பிலாத்திடம் கொடுக்கவில்லை. அதே இராத்திரியில் தலைமைக் குருவின் முன்னால் நிறுத்தப்பட்டபோது, காவலன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். தலைமைக் குருவிடம் இப்படியா பேசுவது என்று கேட்டு அறைகிறான். அடி வாங்கியவர் தலைகுனிந்து நிற்கவில்லை. நான் சொன்னதில் தப்பு இருந்தால் எடுத்துக்காட்டு, சரி என்றால் ஏன் அடிக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறார். கடவுளிடம் சித்தத்தை ஒப்புக்கொடுத்த மனிதர் குருவின் ஆளிடம் கணக்குக் கேட்கிறார். ஒப்புக்கொடுத்ததால்தான் கேட்கிற தைரியம் வந்தது. இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்து ஒரே பிரசங்கத்தில் சொல்கிற ஆயர் நமக்கு எத்தனை பேர்?

சரித்திரத்துக்கு வருவோம். கீழ்ப்படிதலுக்குப் பேர் போனது சேசு சபை. மேலதிகாரியின் கையில் ஒரு பிணம் போல, ஒரு கிழவனின் கைத்தடி போல இருக்க வேண்டும் என்பது இஞ்ஞாசியார் வகுத்த ஒழுங்கு. அந்தச் சபையிலிருந்துதான் 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். கறியை விட்டார், அங்கியை விட்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார், காவி உடுத்தினார். அவருக்கு முன்பே மதுரையில் பரவர் கிறித்தவர்கள் கும்பிட்ட கோயில் ஒன்று இருந்தது. சொந்தச் சபைக் குரு ஒருவர் நடத்திய அந்தக் கோயிலோடு இருந்த உறவையும் அறுத்துக்கொண்டார். அவருடைய தியாகத்தைப் புகழ்ந்து எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். இவ்வளவையும் விட்டவர் சாதியை ஏன் விடவில்லை? தன் சித்தத்தைப் பிணமாக்கிக்கொண்டதாகச் சபதம் எடுத்தவர், பிராமணனின் சித்தத்துக்கு ஏன் உயிர் கொடுத்தார்?

வழக்கு ரோம் வரை போனது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்தார். 1640 வாக்கில் கீழே தள்ளப்பட்ட சாதிகளுக்கு என்று 'பண்டாரசாமிகள்' என்ற தனிப்பிரிவு வந்தது. 1704இல் பாப்பரசரின் தூதராக வந்த தூர்நோன், நோயில் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தைபூசுதல் கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டார். சாகக் கிடக்கிறவன் வீட்டு வாசற்படியைத் தாண்டு என்று குருவுக்கு ஆணை போட வேண்டியிருந்தது, பாருங்கள். அதற்கும் மிஷனரிகளிடமிருந்து எதிர்ப்பு. நாற்பது வருசம் இழுத்து, 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் பறையர்களுக்கு என்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். கீழ்ப்படிதல் சபதம் எடுத்தவர்கள் பாப்பரசரின் ஆணையைக்கூட வளைத்தார்கள். வளைக்க முடியாமல் கிடந்தது சாதியின் ஆணை ஒன்றுதான். திருச்சபையில் உண்மையான மேலதிகாரி யார் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சீர்திருத்தச் சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதியை உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஒரே இடத்தில் உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. தஞ்சாவூரிலும் சென்னையிலும் வேளாளக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். சாதியைச் சகித்துக்கொண்ட லெய்ப்சிக் லுத்தரன் மிஷன் பின்னால் இப்படிப்பட்டவர்களுக்குக் கதவு திறந்தது. கிறிஸ்துவின் கிண்ணத்தை விட்டாலும் விடுவோம், எங்கள் கிண்ணத்தை விடமாட்டோம் என்று போனவர்களும் ஞாயிறுதோறும் தாழ்மையைப் பற்றித்தான் பாடினார்கள்.

தலைமை மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் வேளாளரையும் நாடாரையும் பிரித்து நடுவில் சுவர் இருந்தது. 1910இல் குருக்கள் அதை இடித்தார்கள். வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். கோயில் இடிந்து விழவில்லை, விசுவாசம் அழியவில்லை. சுவர் மட்டும் விழுந்தது. நூறு வருசத்துக்கு முன்னால் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை? சாதிப் பிரச்சினை சிக்கலானது, மனமாற்றம் மெதுவாகத்தான் வரும் என்று சொல்கிற ஆயர்கள் வடக்கன்குளத்துக்கு ஒருநாள் தியானம் போய் வரலாம்.

வடக்கன்குளத்துச் சுவர் விழுந்து நூறு வருசம் கழித்தும் திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் நின்றது. 2010இல் கடப்பாரையோடு போனவர்கள் இயக்கத் தோழர்கள். கடவுள் இல்லை என்கிறவனுக்குக்கூட அந்தச் சுவர் பொறுக்கவில்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்குப் பொறுத்தது. எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டதற்கு 2008 மார்ச் 9இல் வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் ஆதிக்கத் தரப்பு ஆட்கள். அந்த உயிர்களுக்காகவும்தான் கேட்கிறேன்: பல வருசமாகப் புகைந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டே, பொறுமை பொறுமை என்று தலைமை உபதேசம் பண்ணாமல் அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அந்த இரண்டு பேர் செத்திருப்பார்களா? கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில் திருவிழாவிலும் கல்லறையிலும் ஒதுக்கப்படுகிறோம் என்று தலித் கிறித்தவர்கள் உச்சநீதிமன்றம் வரை போக, 2025 பிப்ரவரியில் அங்கிருந்து நோட்டீஸ் வந்தது. சகோதரன் குற்றம் செய்தால் சபையிடம் சொல் என்கிறது மத்தேயு நற்செய்தி. குற்றம் செய்கிறதே சபையாக இருந்தால் கோர்ட்டுக்குத்தானே போகணும்?

எனக்குத் தெரிந்த ஒரு பங்கு. பேர் வேண்டாம். திருவிழாத் தேர் எங்க தெருமுனை வரைக்கும் வரும், அப்படியே திரும்பிப் போகும். எங்க பாட்டி தெருமுனையில் உப்பும் மிளகும் மடியில் கட்டிக்கொண்டு, தேர் மேல் எறிவதற்காக மணிக்கணக்கில் நிற்கும். இளவட்டங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மனு எழுதிக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம். மனுவை மடித்து மேசையில் வைத்தவர், "தம்பி, மாதா நம்ம மனசுக்குள்ள வரணும். தெருவுக்குள்ள வந்தாத்தானா? கொஞ்சம் தாழ்மை வேணும்ப்பா" என்றார். கூட வந்த பெரியவர் ஒருத்தர், படிப்பு வாசனை இல்லாதவர், மெதுவாகச் சொன்னார்: "சரி சாமி. அப்ப அவங்க மனசுக்குள்ளயும் வரட்டும், தெருவுக்குள்ள வேணாம். தேரை ரெண்டு தெருவுக்கும் நிறுத்திருங்க." சாமியாரிடம் பதில் இல்லை. அடுத்த வருசமும் தேர் தெருமுனையில்தான் திரும்பியது.

இந்தத் 'தாழ்மை வேணும்ப்பா' இப்போது ஆயர் நியமனத்துக்கும் வந்திருக்கிறது. 2022இல் புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்துக்குப் பேராயர் நியமிக்கப்பட்டபோது தலித் கிறித்தவர்கள் கறுப்புக் கொடி பிடித்தார்கள். பதவிக்கு அலைகிறார்கள், பரிசுத்த ஆவியின் தேர்வை எதிர்க்கிறார்கள், தாழ்மை இல்லாதவர்கள் என்று பேச்சு. பரிசுத்த ஆவி தமிழ்நாட்டுக்குள் வரும்போது சாதிச் சான்றிதழ் பார்த்துக்கொண்டா வருகிறது? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணமே, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்கிறது. தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் பங்கு மிகக் குறைவு என்றும் ஒத்துக்கொள்கிறது. இந்த நாட்டில் தலித் ஒருவர் கர்தினால் ஆவதற்கு 2022 வரை, ஐதராபாத்தின் அந்தோணி பூலா வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு சனம் நாற்காலியைக் கேட்டால் பேராசை. மீதிப் பேர் அதில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தால் இறையழைத்தல். என்ன நியாயம் இது?

நாற்காலியை விட மனசு வராத கதை சீர்திருத்தச் சபையிலும் நாறுகிறது. தென்னிந்தியத் திருச்சபையில் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கச் சட்டத்திருத்தம் கொண்டு வந்து, அது உயர்நீதிமன்றப் படியேறியது. 2023இல் தலைமைப் பேராயரின் தேர்தலே செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லும்படி ஆனது. மூன்று வருசம் நாற்காலியை விட முடியாதவர்கள், மூவாயிரம் வருசமாக எதுவுமே இல்லாதவனிடம் எல்லாவற்றையும் விடு என்கிறார்கள்.

பெண்களுக்கு இந்தத் தாழ்மை இரட்டைச் சுமை. கோயிலைக் கூட்டுவதும், பீடத்துத் துணியைத் துவைப்பதும், மடத்தில் சமையல் பண்ணுவதும் அவர்கள். மடத்துக்குள் போன தலித் பெண்ணுக்கு ஏழ்மையும் கீழ்ப்படிதலும் என்னவாக மாறின என்பதை 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' ஊரறியச் சொல்லிவிட்டது. மடத்தை விட்டு வெளியே வந்ததால்தான் அந்தப் புத்தகம் நமக்குக் கிடைத்தது. அவர் கீழ்ப்படிந்தே இருந்திருந்தால் திருச்சபைக்கு ஒரு அமைதியான கன்னியாஸ்திரி கிடைத்திருப்பார். நமக்கு ஒரு மொழி கிடைத்திருக்காது.

பெரிய வியாழன் அன்று காலைக் கழுவுகிற சடங்கைப் பாருங்கள். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்குப் போய், பெண்கள், இசுலாமியர் உட்படக் கைதிகளின் காலைக் கழுவினார். 2016இல் பெண்களின் காலையும் கழுவலாம் என்று விதியையே மாற்றினார். நம்ம ஊரில்? சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த பன்னிரண்டு கால்கள். அதில் சேரிக்கால் எத்தனை என்பதற்கே பஞ்சாயத்து. வருசத்தில் ஒருநாள் கால்மணி நேரம் குனிகிறவர் மீதி நாளெல்லாம் எங்களைக் குனியவைப்பதற்கு அந்தக் கால்மணி நேரம்தான் லைசென்சு. காலைக் கழுவ வேண்டாம் சாமி. கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்க, போதும்.

இன்னொரு இரட்டை வேடமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து தலித்துகளுக்கு மட்டும் பட்டியல் சாதி உரிமை கொடுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் விரித்தார்கள். கிறித்தவ, இசுலாமியத் தலித்துகளை வெளியே நிறுத்தினார்கள். அதை எதிர்த்து ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். ஆயர்களும் கறுப்புத் துணி கட்டி வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அரசாங்கம் தர மறுக்கிற இட ஒதுக்கீட்டை, தன் கல்லூரியில், தன் பள்ளியில், தன் ஆஸ்பத்திரியில், தன் குருமடத்தில் முழுசாகத் தருவதற்கு எந்தக் குடியரசுத் தலைவர் குறுக்கே நிற்கிறார்? டில்லியைப் பார்த்துக் கைநீட்டுவதற்குத் தாழ்மை தேவையில்லை. தன் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்ப்பதற்குத்தான் தேவை.

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தலித்தை ஆயராக்கிவிட்டால் விடுதலை வந்துவிடாது. மோதிரம் போட்ட கை எல்லாம் ஒரே மாதிரி நீளும். பறையர் கேட்ட உரிமையைப் பறையரே அருந்ததியருக்குக் கொடுக்க மறுத்தால், பள்ளரும் பறையரும் ஒரே கோயிலில் தனித்தனி மணி அடித்தால், எதற்கு இந்தப் போராட்டம்? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை, ஜே. தியோபிலஸ் அப்பாவு, ஊர்ச்சனத்தின் பேச்சிலும் பறையொலியிலும் வழிபாட்டைக் கட்டினார். ஓருலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து தின்பதே நற்கருணை என்றார். உலையைச் சுற்றி உட்காரும்போது மேல்வரிசை கீழ்வரிசை இல்லை. நாம் கேட்கிற தலைமையும் அந்த உலையைச் சுற்றி உட்கார வேண்டும். அதில் நம்ம ஆளும் சேர்த்தி.

ஆகவே ஆயர்களே, பேராயர்களே, உங்கள் சுயசித்தத்தை ஒப்புக்கொடுக்கும் வழி இது. கல்லறையிலும் கோயிலிலும் மிச்சமிருக்கிற ஒவ்வொரு சுவரையும் நாள் குறித்து நீங்களே இடியுங்கள். எல்லாத் தெருவுக்கும் போகாத தேரை ஷெட்டுக்குள்ளேயே பூட்டுங்கள். நிறுவனங்களில் எங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற வேலையையும் இடத்தையும் எழுத்தில் கொடுத்து, வருசா வருசம் கணக்கைச் சனத்தின் முன்னால் வாசியுங்கள். சாதியின் பேரால் கல்லறையை மறுக்கிறவன் யாராக இருந்தாலும், நன்கொடை எவ்வளவு கொடுப்பவனாக இருந்தாலும், அவனுக்கு நற்கருணை கிடையாது என்று சொல்லுங்கள். இதில் உங்களுக்கு நட்டம் வரும். சொந்தக்காரன் பேசமாட்டான், கொடையாளி கதவைச் சாத்துவான், மறுபடி தேர்தலில் நின்றால் ஓட்டு விழாது. விழாமல் போகட்டும். சிலுவை சிலுவை என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே?

இதைச் செய்கிற வரைக்கும் தாழ்மையைப் பற்றி எங்களுக்குப் பிரசங்கம் வேண்டாம். நாங்கள் இப்போதுதான் நிமிர்ந்து உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறோம். நீங்க இறங்கி வாங்க, பேசுவோம்.